தண்ணீர் நல்லதா? வெங்காய வேரும் மண்புழுவும் சொல்லும்!

ஆற்றுநீர், ஏரி வண்டல் ஆகியவற்றின் நச்சுத்தன்மையை உயிரினங்களைக் கொண்டு கண்டறியும் எளிய வழிகள்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் கிராமத்தின் பெயரால் வழங்கும் பல்லவர் செப்பேடு ஒன்று உண்டு. 7-ஆம் நூற்றாண்டில், முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுதப்பட்டது. பரமேசுவர தடாகம் என்ற ஏரியைப் பற்றியும், பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு கால் என்ற வாய்க்காலைப் பற்றியும் அது சொல்கிறது. ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி, ஏரி மதகிலிருந்து வயல் என்ற அந்த ஏற்பாட்டை நம்பித்தான் காஞ்சிபுரம், உத்திரமேரூர் வட்டாரங்களில் இன்றும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைகின்றன.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடமும் இருக்கிறது. மேலே ஆற்றில் எது கலந்தாலும் அதே வழியில் கீழே வயலுக்கு வந்து சேரும். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை வழியாகக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் வருகிறது. திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் அதனுடன் சேர்கின்றன. வழியில் தோல் ஆலைகள், நகரச் சாக்கடைகள், சாயப்பட்டறைகள், பூச்சிமருந்து வடியும் வயல்கள் எல்லாம் உண்டு. அதற்காகக் கீழே உள்ள எல்லா ஏரிகளிலும் நஞ்சு இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. கண்ணால் பார்த்து, தெளிவாக இருக்கிறது, நல்ல தண்ணீர்தான் என்றும் சொல்லிவிட முடியாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீதிமன்றத்தில் பதிவான கணக்கு

பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கு 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துபவரே இழப்பைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் உறுதிசெய்யப்பட்டது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததும், திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ளன. வழக்கு அத்துடன் முடியவில்லை. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீடு குறித்தும் கண்காணிப்புக் குழு குறித்தும் உத்தரவிட்டது.

1996 தீர்ப்பில் இன்னொரு விவரமும் இருக்கிறது. குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன. உயிர்ச் சோதனை ஏன் தேவை என்பதை விளக்க இந்த ஓர் எண்ணே போதும்.

ஆய்வகத் தாள் சொல்லாதது

தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் கார அமில நிலை, மின் கடத்துதிறன், குளோரைடு, சோடியம் என்று சில அளவுகளைத் தாளில் தருவார்கள். இவை மிகவும் தேவையானவை. ஆனால் ரசாயனச் சோதனை, தேடிய பொருளை மட்டுமே காட்டும். குரோமியம் தேடினால் குரோமியம் தெரியும். தேடாத 169 பொருட்கள் தெரியாது. இரண்டு மூன்று பொருட்கள் குறைந்த அளவில் சேர்ந்து பெரிய பாதிப்பை உண்டாக்கினாலும் தாளில் தெரியாது.

பொருளின் அளவும் அதன் வீரியமும் ஒன்றல்ல என்பது அடுத்த சிக்கல். குரோமியம்-3 தண்ணீரில் அதிகம் கரையாமல் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். குரோமியம்-6 எளிதில் கரைந்து உயிரினங்களின் உடலுக்குள் போகும், நஞ்சும் அதிகம். மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். துத்தநாகம், தாமிரம் போன்ற உலோகங்கள் மென்னீரில் மீனைக் கொல்லும் அளவில், கடின நீரில் கொல்லாமலும் போகலாம்.

உயிர்ச் சோதனையில் கேள்வியே வேறு. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. இந்தத் தண்ணீர் உயிருள்ள ஒன்றை என்ன செய்கிறது என்று கேட்கிறோம். எல்லாப் பொருட்களும் சேர்ந்து செய்யும் வேலையை அந்த உயிர் காட்டிவிடும். எந்தப் பொருளால் வந்த கேடு என்று அது சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு விடை கிடைக்கும்.

சட்டத்திலேயே உள்ள மீன் சோதனை

இது புதிய யோசனை அல்ல. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆறு குளங்களில் விடப்படும் ஆலைக் கழிவுநீருக்கான பொதுத் தரங்களில் ஒன்று மீன் சோதனை. எதையும் கலக்காத 100 சதவீதக் கழிவுநீரில் மீன்களை விட்டு, 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். அதாவது 10 மீன் விட்டால் 9 பிழைத்திருக்க வேண்டும்.

ஆய்வகங்களில் மீனுடன் நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியாவையும், பாசியையும் பயன்படுத்துகிறார்கள். டாஃப்னியா குளத்து நீரில் துள்ளித் துள்ளி நீந்தும் மிகச் சிறிய உயிர். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளைச் சோதனை நீரில் விட்டு, 48 மணி நேரத்தில் எத்தனை அசையாமல் போகின்றன என்று எண்ணுவார்கள். பாசியில் 72 மணி நேர வளர்ச்சியை அளப்பார்கள். பாசி உணவைத் தயாரிக்கிறது, டாஃப்னியா பாசியைத் தின்கிறது, மீன் டாஃப்னியாவைத் தின்கிறது. மூன்றையும் சோதித்தால் நீர்நிலையின் உணவுச் சங்கிலி எந்த இடத்தில் அறுபடும் என்பது தெரியும்.

வெளிநாடுகளில் இதைக் காவலுக்கே வைத்திருக்கிறார்கள். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ரசாயனக் கிடங்கு எரிந்து, தீயணைத்த நீருடன் பூச்சிமருந்துகள் ரைன் ஆற்றில் இறங்கின. பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அதன் பிறகு அந்த ஆற்றங்கரையில் டாஃப்னியாவையும் மீனையும் இரவு பகலாகக் கண்காணிக்கும் நிலையங்கள் பெருகின. போலந்தின் வார்சா நகரக் குடிநீர் நிலையத்தில் 8 மட்டிகளின் ஓட்டில் உணர்கருவி பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் மட்டிகள் ஓட்டை மூடிக்கொள்ளும். உடனே எச்சரிக்கை வந்துவிடும்.

தண்ணீர் போனாலும் வண்டல் நிற்கும்

ஆற்றுநீர் ஓடிவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் வந்தால் அழுக்கெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று தோன்றும். ஆனால் உலோகங்களும் எண்ணெய்ப் பிசுக்கும் சில பூச்சிமருந்துகளும் களிமண் துகள்களிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு, வெள்ளம் வேகம் குறையும் இடத்தில் படியும். வேகம் குறையும் இடம் ஏரியும் அணையும்தான். பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணை கட்டும்போது தண்ணீரை எதிர்பார்த்த விவசாயிகளே, பிறகு அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது.

ஏரி வண்டல் நமக்கு உரம். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுக்க அரசு வழிசெய்திருக்கிறது. நல்ல ஏரியின் வண்டல் மணற்பாங்கான நிலத்துக்கு வரம்தான். கழிவு சேர்ந்த வண்டலை ஏக்கருக்கு 20 டிராக்டர் அடித்துவிட்டால் திரும்ப வாரி எடுக்க முடியாது. கெட்ட தண்ணீர் ஒரு போகத்தைக் கெடுக்கலாம், கெட்ட வண்டலோ நிலத்தையே கெடுத்துவிடும். ஆகவே வண்டி கட்டுவதற்கு முன் சோதிப்பது நல்லது.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

1. வெங்காய வேர்ச் சோதனை

1938-ல் லெவன் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி, ரசாயனங்களின் விளைவை வெங்காய வேரில் ஆராய்ந்தார். அந்த வழியே பின்னாளில் ஆற்றுநீரையும் கழிவுநீரையும் சோதிக்கும் முறையாக வளர்ந்து, இன்று உலகம் முழுவதும் கையாளப்படுகிறது. உலோகம், உப்பு, களைக்கொல்லி ஆகியவற்றின் பாதிப்பு இதில் நன்றாகத் தெரியும்.

தேவையானவை: ஒரே அளவுள்ள 24 சிறிய வெங்காயங்கள், 24 டீ கிளாஸ்கள், நடுவில் ஓட்டை போட்ட அட்டைகள். பச்சை முளை வந்த வெங்காயம் கூடாது. எல்லாம் ஒரே மூட்டையில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

• வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை உரித்து, அடியில் உள்ள பழைய வேர்களைக் கத்தியால் மெல்லச் சுரண்ட வேண்டும். வேர் வரும் வட்டத்தில் காயம் படக் கூடாது.
• 12 கிளாஸ்களில் சோதிக்க வேண்டிய நீரும், 12 கிளாஸ்களில் ஊரில் நல்லது என்று தெரிந்த கிணற்று நீரும் ஊற்ற வேண்டும். குளோரின் போட்ட குழாய் நீரையும், ஆர்.ஓ. நீரையும் ஒப்பீட்டுக்கு வைக்கக் கூடாது.
• அட்டை மேல் வெங்காயத்தை உட்காரவைத்து, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி வைக்க வேண்டும். நிழலான, காற்றோட்டமான இடம் போதும்.
• தினமும் அதே நீரில் எடுத்து வைத்ததைக் கொண்டு மாற்ற வேண்டும்.
• 4-ஆம் நாள் இரண்டு பக்கத்திலும் மிக மோசமாக வளர்ந்த இரண்டிரண்டை நீக்கிவிட்டு, மற்ற பத்திலும் வேர்க்கற்றையின் நீளத்தை அளவுகோலால் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

நல்ல நீரில் சராசரி 40 மில்லிமீட்டர், ஏரி நீரில் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30-ஐ 40-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க 75 சதவீதம் வரும். 80-க்கு மேல் இருந்தால் இப்போதைக்குக் கவலை இல்லை. 50 முதல் 80 வரை இருந்தால் மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். 50-க்குக் கீழே போனால் அந்த நீரை நாற்றங்காலுக்கு விடாமல் நிறுத்தி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வேர் நுனி பழுப்பாகிறதா, தடிக்கிறதா, கொக்கி போல வளைகிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. கொசுப்புழுச் சோதனை

வெங்காயத்தின் குறை ஒன்று உண்டு. நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து அதற்கு அவ்வளவாக உறைக்காது. அதற்கு நரம்புள்ள உயிர் வேண்டும். நல்ல நீரில் வளர்ந்த, ஓரளவு பெரிய கொசுப்புழுக்கள் 20 எடுத்து, பத்தைச் சோதனை நீரிலும் பத்தை அவை வளர்ந்த நீரிலும் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்ட வேண்டும். 24 மணி நேரம் கழித்துக் குச்சியால் தொட்டால் எத்தனை நெளிகின்றன என்று எண்ண வேண்டும். ஒப்பீட்டு நீரிலேயே இரண்டுக்கு மேல் செத்திருந்தால் சோதனை செல்லாது. முடிந்ததும் தண்ணீரை வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும்.

3. மண்புழு விலகல் சோதனை

இது வண்டலுக்கானது. சர்வதேசத் தர முறையாகவே இது இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நடுவில் அட்டை வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் நல்ல மண்ணும் மறுபக்கம் சோதிக்க வேண்டிய வண்டலும் ஒரே உயரத்துக்கு நிரப்ப வேண்டும். ஈரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தடுப்பை எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் 10 வளர்ந்த மண்புழுக்களை விட்டு, ஓட்டை போட்ட மூடியால் மூட வேண்டும். 48 மணி நேரம் கழித்துத் தடுப்பை மீண்டும் செருகி, எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ண வேண்டும். இப்படி 5 டப்பாக்கள் வைப்பது நல்லது. மொத்த 50 புழுக்களில் வண்டல் பக்கம் 10-க்கும் குறைவாக இருந்தால் அந்த வண்டலில் ஏதோ கோளாறு.

வெறும் களியாக இருந்தாலே சில நேரம் புழு விலகும். ஆகவே ஒப்பீட்டுக்கு மணலை வைக்காமல், கழிவு சேராத வேறோர் ஏரியின் வண்டலை வைத்தால் தவறு வராது.

ஏரியைப் பார்த்தே அறிவது

சோதனைக்கு முன்பே நீர்நிலையில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதும் ஒரு சோதனைதான். கரையோரச் சேற்றையும் கல்லடியையும் வலையால் அரித்து, கிடைக்கும் பூச்சி, புழு, நத்தைகளை எண்ணி நீரின் தரத்தை மதிப்பிடும் முறையை மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமும் வகுத்திருக்கிறது. தட்டான் குஞ்சு, நத்தை, இறால் குஞ்சு, பலவகை வண்டுகள் கலந்து இருந்தால் நல்ல அறிகுறி. சிவப்பு ரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸ் புழுவும் மட்டும் கொத்துக் கொத்தாக இருந்தால் சாக்கடை சேர்ந்து ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். எதுவுமே இல்லை என்றால் அதுதான் மிகவும் மோசமான நிலை.

மீன் செத்தால் அதையும் சரியாகப் படிக்க வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பெரியவை முதலில் செத்து, விராலும் கெளுத்தியும் பிழைத்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. பகல் நேரத்திலும், சிறிதும் பெரிதுமாக எல்லா மீனும் தாறுமாறாகச் சுழன்று செத்தால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும்.

மாதிரி எடுப்பது, புகார் கொடுப்பது

மழைக்காலத்தின் முதல் வரத்தில்தான் தேங்கிய கழிவு அடித்துக்கொண்டு வரும். எனவே முதல் வரத்தில் ஒரு முறை, ஏரி நிரம்பியபின் ஒரு முறை, கோடையில் நீர் வற்றும்போது ஒரு முறை என ஆண்டுக்கு மூன்று முறை சோதித்தால் ஏரியின் போக்கு தெரிந்துவிடும். ஆய்வகத்துக்கு அனுப்பும் நீரை, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை கழுவி, கரையோரம் இல்லாமல் சற்று உள்ளே, மேல்நுரை சேராமல் எடுத்து, இடம், தேதி, நேரம் எழுதி அன்றே கொடுக்க வேண்டும்.

உப்பு, கார அமில நிலைக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் போதும். ஆலைக் கழிவு என்று சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். ஒருவர் கொடுப்பதைவிட ஊராகக் கொடுத்தால் பலன் அதிகம். உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக்குழு இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இன்று கிராம சபை இருக்கிறது. மூன்று முறை செய்த சோதனையின் அளவுகளையும் புகைப்படங்களையும் வைத்துத் தீர்மானம் போட்டால், தண்ணீர் நாறுகிறது என்ற புகாரைவிட அதற்கு மதிப்பு கூடும்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

ஏரி நீரில் நெல் விதை நன்றாக முளைக்கிறது. அப்படியானால் நீர் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. விதைத்தோல் கருவைக் காப்பாற்றும். ஓரளவு நஞ்சிலும் முளை வந்துவிடும். முளைத்தபின் வேர் எவ்வளவு நீள்கிறது என்பதே சரியான அளவு. முளைப்பு சமமாக இருந்தும் வேர் பாதியாக இருந்தால் நீரில் கோளாறு உண்டு.

வெங்காய வேர் குட்டையாக இருந்தால் ரசாயன நஞ்சு என்று சொல்லலாமா?

உடனே சொல்ல முடியாது. வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். வெறும் உப்பு நீரிலும் வேர் குறுகும். எனவே முதலில் மின் கடத்துதிறனைப் பார்க்க வேண்டும். அது ஒரு மீட்டருக்கு 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் உப்பே காரணமாக இருக்கலாம். உப்பு குறைவாக இருந்தும் வேர் குட்டையாக இருந்தால் உலோகம், களைக்கொல்லி போன்றவற்றைத் தேட வேண்டும்.

மூன்று சோதனையிலும் தேறிய நீரைக் குடிக்கலாமா? அந்த ஏரி மீனைச் சாப்பிடலாமா?

இந்தச் சோதனைகள் பாசனத்துக்கும் வண்டலுக்கும் வழிகாட்ட மட்டுமே. நோய்க் கிருமி, புளூரைடு, நைட்ரேட், ஆர்சனிக் போன்றவற்றை இவற்றால் அறிய முடியாது. சில உலோகங்கள் மீனைக் கொல்லாமல் அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். குடிநீரையும் மீனையும் ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும்.

சோதனையில் தேறாத நீரைத் தவிர வேறு நீர் இல்லை என்றால் என்ன செய்வது?

ஆய்வக முடிவு வரும்வரை நாற்றங்காலுக்கும் கீரை, காய்கறிக்கும் அந்த நீரை விடாமல், நல்ல கிணறு வைத்திருக்கும் பக்கத்து விவசாயியிடம் கேட்டு நாற்றங்காலை மட்டுமாவது அங்கே போட்டுக்கொள்ளலாம். காரணம் உப்பு மட்டும்தான் என்று தெரிந்தால் வடிகால் அமைத்தல், தொழுவுரம் கூட்டுதல், உப்பைத் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை கைகொடுக்கும். உலோகம் என்று தெரிந்தால் அந்த நீரையும் வண்டலையும் நிலத்துக்குள் விடாமல் இருப்பது ஒன்றே வழி. மண்ணில் ஒருமுறை சேர்ந்த உலோகம் தானாகப் போகாது.